ஜன்னலில் தொங்கிய மகாராஷ்டிரா

பேச்சிராஜாவின் குரல் செய்தி வந்தபோது மாலாவில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். அதனால் முப்பிடாதி போனைச் சத்தமாகப் போடவில்லை. காதோடு அழுத்திக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்து போய் நின்று கேட்டாள். மதியச் சாப்பாட்டுக்காக மிஷின்களை நிறுத்தியிருந்தார்கள். தாராவியில், நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் அவளுடைய கார்கானா. கார்கானா என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கீழே ஓர் அறை, அதில் சட்டைகளுக்குப் பொத்தான் வைக்கவும் நூல் பிசிறு வெட்டவும் ஏழெட்டுப் பெண்கள். மூலையில் ஓர் இரும்பு ஏணி. ஏறினால், குனிந்தே நிற்க வேண்டிய ஒரு மரத்தட்டு. அதைத்தான் அங்கே மாலா என்பார்கள். மற்ற கார்கானாக்காரர்கள் மாலாவில் மூட்டைகளை அடுக்குவார்கள், இல்லாவிட்டால் ஆட்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். முப்பிடாதி அங்கே ஒரு பாயும் தலையணையும் சின்ன மேசை ஃபேனும் போட்டு வைத்திருந்தாள். வேலைக்கு வந்த எவளுக்குக் கண் சொக்கினாலும், "ஏட்டி, மேல போயி கொஞ்ச நேரம் சாஞ்சிட்டு வா" என்று அனுப்பிவிடுவாள். சரக்கு எடுக்க வரும் சேட் இதைப் பார்த்துவிட்டு, இது கார்கானாவா லாட்ஜா என்று கேட்பார். பிசிறு சுத்தமாக வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள் சேட், வெட்டினவள் தூங்கினாளா முழித்தாளா என்பது உங்களுக்கு எதற்கு என்று அவளும் ஹிந்தியில் திருப்பிக் கொடுப்பாள். இருபது வருஷமாக இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. பாயை மட்டும் அவள் எடுத்ததில்லை.

பேச்சிராஜா அவளோடு படித்தவன். வடாலாவில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீசில் வேலை. ஆனால் தாராவியில் எந்த விழா நடந்தாலும் மைக் அவன் கையில்தான் இருக்கும். குரல் செய்தியைக்கூட மேடையில் நிற்கிற தோரணையில்தான் பேசுவான்.

"எல்லாருக்கும் வணக்கம்! நம்ம சேசம்மாள் டீச்சர் பம்பாய விட்டுப் போறாவளாம். திலக் நகர்ல அவிய இருக்க பில்டிங்க இடிச்சிட்டுப் புதுசா கட்டப்போறாங்க. அவிய தங்கச்சி மவன் டென்சில் நெருள்ல வாடகைக்குப் போறாரு. டீச்சரு தூத்துக்குடில சிஸ்டர்மாரு நடத்துற ஹோம்ல போயி இருக்கப்போறாவ. வார செவ்வாக்கெழம டிரெயினு. அதுக்கு முன்னால ஞாயித்துக்கெழம லேபர் கேம்ப் ஹால்ல ஒரு பாராட்டு விழா. பக்கா! ஆளாளுக்கு ரெண்டு நிமிஷம், டீச்சர் நமக்கு என்ன செஞ்சாவன்னு பேசணும். டென்ஷன் நக்கோ, எல்லா அரேஞ்மென்டும் நான் பாத்துக்கிடுதேன்."

முப்பிடாதி அதை இன்னொரு முறை கேட்டாள். பிறகு கார்கானா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே ஒருத்தி, "என்னக்கா, ஊர்ல யாருக்கும் ஒண்ணும் ஆயிரலையே?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். டீச்சர் நமக்கு என்ன செய்தார் என்று பேச வேண்டும். அது அவளுக்குத் தெரியும். பெற்ற மகளிடம்கூடச் சொல்லாமல் நாற்பது வருஷமாக மனசுக்குள் வைத்திருக்கிற சங்கதி அது. ஆனால் அதை மைக்கில் எப்படிச் சொல்வது?

முப்பிடாதியின் அப்பா பூதத்தான் இட்லிக்காரர். சைக்கிளின் பின்னால் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டி, ஹாண்டிலில் சட்னி வாளியைத் தொங்கவிட்டு, ரப்பர் ஹார்னை பாம் பாம் என்று அமுக்கிக்கொண்டு மாட்டுங்கா, வடாலாத் தெருக்களில் போவாரே, அந்த இட்லிக்காரர்களில் ஒருவர். சாப்பிடுகிறவர்களுக்கு அது காலை நேரத்துச் சுகம். இட்லி வீட்டுக்காரர்களுக்குக் காலை என்பதே கிடையாது. சந்தில் நாய்கள்கூடப் படுத்திருக்கும் நேரத்தில் அடுப்புப் பற்றிவிடும். அம்மா மாவைக் கரைப்பாள், அப்பா தாளிப்பார். தட்டில் ஈரத்துணி விரித்து மாவு ஊற்றுவதும், வெந்ததைத் துணியோடு கவிழ்த்து உரித்தெடுப்பதும் முப்பிடாதியின் வேலை. ஆவி விரல் நுனிகளில் அடித்து அடித்து, அவளுடைய விரல்கள் எப்போதும் வெளுத்து, சுருங்கி, கிழவியின் விரல் மாதிரி இருக்கும். சைக்கிள் கிளம்பியபிறகு பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, இரண்டு செம்புத் தண்ணீரை மேலுக்கு ஊற்றிக்கொண்டு, முனிசிபாலிட்டிப் பள்ளிக்கு ஓட வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காலை ஷிப்ட். அதே கட்டடத்தில் மத்தியானம் ஹிந்திப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்த மாத்திரத்தில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். சோம்பேறித்தனம் இல்லை. யாரோ பின்னாலிருந்து போர்வையைப் போட்டு மூடுகிற மாதிரி தூக்கம் வந்து விழும், அவ்வளவுதான். நாலாம் வகுப்பு சார் ஸ்கேலால் விரல் முட்டியில் அடித்துப் பார்த்தார். தண்ணீர் தெளித்துப் பார்த்தார். கடைசியில் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தினார். முப்பிடாதி நின்றுகொண்டே தூங்கி, அப்படியே விழுந்தாள். தாடையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அதைக் கேட்டார்கள். படிக்கட்டில் விழுந்ததாக அம்மா சொல்லிவைத்தாள்.

அஞ்சாம் வகுப்புக்கு வந்தவர்தான் சேசம்மாள் டீச்சர். தடித்த கண்ணாடி, கஞ்சி போட்ட காட்டன் சேலை, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் ஒரு கறுப்புக் குடை. தூத்துக்குடிப் பக்கம். பேச்சில் அந்த உப்பு அப்படியே இருக்கும். முதல் நாளே முப்பிடாதி தூங்கிவிட்டாள். கண் விழித்தபோது டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அடி விழப்போகிறது என்று அவள் முட்டியை மடக்கி மறைத்தாள். டீச்சர் அந்தக் கையைத் தூக்கிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பிள்ள இது?"

"இட்லி வீடு, டீச்சர்."

"ம்" என்றார் டீச்சர்.

மறுநாள் அவளைச் சுவரோரம், ஜன்னலுக்குக் கீழே மாற்றி உட்கார வைத்தார். பையை மேசையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். முப்பிடாதி அதில் தலையைச் சாய்த்தாள். ஆனால் ஜன்னல் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது. டீச்சர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுவரில் மாட்டியிருந்த மகாராஷ்டிரா வரைபடத்தைக் கழற்றி, வகுப்பிலேயே உயரமான தாஹிரைக் கூப்பிட்டு, ஜன்னல் கம்பியில் கட்டச் சொன்னார். தாஹிர் பெஞ்சின் மேல் ஏறிக் கட்டினான். அவசரத்தில் படத்தின் முகம் வெளியே பார்க்கிற மாதிரி கட்டிவிட்டான். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"சத்தங்காட்டாதிய" என்றார் டீச்சர். "பிள்ள தூங்குது. எல்லாரும் கை கட்டு, வாய் பொத்து."

அந்த வருஷம் முழுக்க அஞ்சாம் வகுப்பின் முதல் பீரியட் குசுகுசுப்பிலேயே நடந்தது. டீச்சர் கிசுகிசுவென்று வாய்ப்பாடு சொல்வார், பிள்ளைகள் கிசுகிசுவென்று திருப்பிச் சொல்வார்கள். ஹெட்மாஸ்டர் ஒருநாள் வராந்தாவில் வந்து நின்று கேட்டுவிட்டு, பம்பாயிலேயே இப்படி ஒரு ஒழுங்கான வகுப்பைப் பார்த்ததில்லை என்று மற்ற வாத்தியார்களிடம் போய்ச் சொன்னாராம். இரண்டாவது பீரியட் மணி அடித்ததும் முப்பிடாதி தானாக விழித்துக்கொள்வாள். கண் திறந்தால் தலைக்கு மேலே வெயிலில் மகாராஷ்டிரா மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். உள்பக்கமிருந்து பார்ப்பதால் எல்லாம் இடம் வலமாக மாறி, பம்பாய் வலது கைப்பக்கம் கிடக்கும். பல வருஷம் கழித்து ஒரு ரயில்வே காலண்டரில் சரியான படத்தைப் பார்த்தபோது, அச்சடித்தவன்தான் தப்புச் செய்துவிட்டான் என்று அவள் நினைத்தாள். தூங்கிப்போன பாடத்தை டீச்சர் சும்மா விடவும் மாட்டார். மற்றப் பிள்ளைகள் டிரில் பீரியடில் கீழே குதித்துக்கொண்டிருக்கும்போது, படிக்கட்டில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, காலையில் கிசுகிசுத்ததை வாய்விட்டுச் சொல்லித் தருவார்.

இதைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று முனிசிபாலிட்டி டீச்சர்மாரை வீடு வீடாக அனுப்பியபோது, சேசம்மாள் டீச்சர் அவர்கள் சந்துக்கே வந்துவிட்டார். முப்பிடாதி தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இன்றைக்கு எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். டீச்சர் சொல்லிவிட்டால் அப்பா என்ன செய்வார்? ஊரெல்லாம் மானம் போயிற்று என்று அடிப்பார். இல்லாவிட்டால், தூங்குவதற்கு எதற்குப் பள்ளிக்கூடம், வீட்டிலேயே கிட என்று நிறுத்துவார். மாவுக்கு ஆள் வேண்டும், அவளுக்குப் பதிலாக வைக்க ஆள் இல்லை. டீச்சர் வாசலில் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டார். பேர், வயசு எல்லாம் எழுதிக்கொண்டார். எழுந்துகொள்ளும்போது, "உங்க மவ நல்லா படிக்கா. வகுப்புல அவ சத்தமே கேக்காது" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. மறுநாள் சட்னியில் உப்புப் போட மறந்துவிட்டார்.

அடுத்த வருஷம் டீச்சரை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். முப்பிடாதி ஏழாவது வரைக்கும் படித்தாள். அஞ்சாம் வகுப்போடு நின்றிருக்க வேண்டிய படிப்பு அது. பிறகு கல்யாணம், பிள்ளை, கார்கானா. திலக் நகர் ஒன்றும் கன்னியாகுமரியில் இல்லை, குர்லாவில் மாறினால் அடுத்த ஸ்டேஷன். போக வேண்டும், போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைப்பாள். ஆடிக்குப் போகலாம், தீபாவளி ஆர்டர் முடியட்டும், போகலாம். பக்கத்தில் இருக்கிறவர்களைத்தான் நாம் கடைசியாகப் பார்க்கப் போகிறோம்.

அன்று இரவு சாப்பாட்டின்போது மகள் ஷாலினியிடம் விஷயத்தைச் சொன்னாள். ஷாலினிக்கு ஐரோலியில் ஆபீஸ் வேலை. தமிழ் பேசுவாள், வாசிக்கச் சொன்னால் பஸ் போர்டு வாசிக்கிற மாதிரி எழுத்துக் கூட்டுவாள். சாப்பிட்ட கையோடு போனில் தேடி, ஒரு பேச்சைக் கண்டுபிடித்துவிட்டாள். ஏணி, மெழுகுவர்த்தி, கலங்கரை விளக்கம் எல்லாம் அதில் இருந்தன.

"இதையே சொல்லிரு மம்மி. ஏக்தம் சூப்பரா இருக்கு."

"மெழுகுவத்தியா? கரண்டு போனாதான அது? டீச்சர் என்னத் தூங்க விட்டாவட்டி. அதத்தான் நான் சொல்லப்போறேன்."

ஷாலினி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அரே, எல்லாரும் டீச்சராலதான் மேனேஜர் ஆனேன், எஞ்சினியர் ஆனேன்னு சொல்லுவாங்க. நீ போயி க்ளாஸ்ல தூங்குனேன்னு சொன்னா சப் ஹஸேங்கே. வீடியோ க்ரூப்ல வரும்ல?"

"சிரிச்சா சிரிக்கட்டும்" என்றாள் முப்பிடாதி. ஆனால் அந்தப் பயம் அவளுக்கும் உண்டு. மேனேஜர்களுக்கும் எஞ்சினியர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு தூக்கத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த வாரம் முழுக்கப் பிசிறு வெட்டிக்கொண்டே உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். டீச்சர், எல்லாரும் என்ன முழிக்க வச்சாங்க. நீங்க ஒரு ஆளுதான் தூங்க விட்டீங்க. நான் இன்னைக்கு நின்னு பேசுதேன்னா அதனாலதான். அதோடு இன்னொரு ஆசையும் இருந்தது. டீச்சருக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று ஒரு தடவை தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். அவர் மறந்திருந்தாலும் பரவாயில்லை, இவள் சொல்லி அவர் காதில் விழ வேண்டும். செவ்வாய்க்கிழமை ரயில் போய்விட்டால் பிறகு எங்கே தூத்துக்குடி, எங்கே இவள்?

ஞாயிற்றுக்கிழமை அக்டோபர் வெயில் மண்டையைப் பிளந்தது. பேச்சிராஜா சொன்னது போலவே எல்லா ஏற்பாடும் செய்திருந்தான். கொஞ்சம் அதிகமாகவே செய்துவிட்டான். விடியற்காலையிலேயே திலக் நகருக்குக் கார் அனுப்பி டீச்சரை ஏற்றிக்கொண்டு, முதலில் சர்ச்சில் பூசை, பிறகு பழைய பள்ளிக்கூட கேட்டில் போட்டோ, பிறகு நைன்ட்டி ஃபீட் ரோட்டில் மூன்று வீட்டில் காப்பி, அதற்குப் பிறகுதான் லேபர் கேம்ப் ஹால். வாசலில் மேளம் வேறு. காரிலிருந்து இறங்கிய டீச்சரைப் பார்த்ததும் முப்பிடாதிக்குத் திக்கென்றது. இவ்வளவு சின்ன உருவமா? அந்தக் கண்ணாடி மட்டும் அதே தடிமனில் இருந்தது. பக்கத்தில் டென்சில் தண்ணீர் பாட்டிலோடு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார்.

"பெரியம்மா நேத்து ராத்திரி தூங்கவே இல்ல. சாமான் கட்டுறோம்னு வீடு பூரா கலாட்டா. சாப்பாடு முடிஞ்சதும் வண்டி வந்துரும். தயவுசெஞ்சு லேட் பண்ணிராதீங்க."

முப்பிடாதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் காலைத் தொட்டாள். டீச்சர் குனிந்து அவள் முகத்தைத் தேடினார்.

"யாரு பிள்ள?"

"முப்பிடாதி, டீச்சர். இட்லி வீட்டுப் பூதத்தான் மவ."

டீச்சரின் கை அவள் தோளிலிருந்து இறங்கி அவளுடைய விரல்களைப் பிடித்தது. உதடு எதையோ சொல்லப் போனது. அதற்குள் பேச்சிராஜா, "டீச்சர், போட்டோ, போட்டோ! எல்லாரும் வெயிட் பண்றாங்க!" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டான். விரல்கள் நழுவின. ஞாபகம் வந்து பிடித்தாரா, கிழவிகள் எல்லார் கையையும் பிடிக்கிற மாதிரி பிடித்தாரா, அவளுக்குத் தெரியவில்லை.

மேடையில் டீச்சருக்கு ராஜா நாற்காலி போட்டிருந்தார்கள். பின்னால் சுவர் முழுக்க ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். அதில் டீச்சரின் முகம் ஓர் ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. அடியில், 'எங்கள் அறிவுக்கண் திறந்த அன்னையே' என்று சிவப்பு எழுத்து. பந்தல், லைட், மைக்செட் எல்லாம் தாஹிருடையது. அந்த உயரமான பையன் இன்றைக்கு அதே தொழிலில் கடை வைத்திருக்கிறான். தலை நரைத்து, தொப்பையோடு, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

பேச்சு ஆரம்பித்தது. பதவியில் இருக்கிறவர்களைப் பேச்சிராஜா முன்னால் போட்டிருந்தான். முதலில் பிரேமலதா. செம்பூரில் பேங்க் மேனேஜர். பள்ளியில் வகுப்பு லீடராக இருந்து, பேசுகிறவர்கள் பேரைக் கரும்பலகையில் எழுதிவைப்பாள். இன்றைக்குக் கொடுத்த இரண்டு நிமிஷத்தை அவள் பத்தாக்கினாள். தன்னை உருக்கி ஒளி தந்த மெழுகுவர்த்தி என்றாள். அடுத்து வந்த எஞ்சினியரும் மெழுகுவர்த்தி என்றார். அதற்கடுத்தவர் ஏணி என்று ஆரம்பித்து மெழுகுவர்த்தியில் முடித்தார். ஷாலினி அம்மாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். பேசி முடித்த ஒவ்வொருவரும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். யார் பொன்னாடை வாங்குவது என்று குரூப்பில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால் எல்லாரும் வாங்கி வந்திருந்தார்கள். பச்சை மேல் சிவப்பு, சிவப்பு மேல் நீலம் என்று சரிகையும் பாலியஸ்டருமாக அந்தச் சின்ன உருவம் மூட்டை மாதிரி ஆகிவிட்டது. மேலே முகம் மட்டும் வேர்த்துக்கொண்டு தெரிந்தது. முகத்துக்கு நேரே மேற்குப் பக்க ஜன்னல். சாப்பாட்டு நேரம் தாண்டி, வெயில் அந்தப் பக்கம் சாய ஆரம்பித்திருந்தது.

கடைசியாகத்தான் பேச்சிராஜா, "இப்பம் நம்ம முப்பிடாதி ரெண்டு வார்த்த பேசுவா. அதுக்கப்புறம் டீச்சரோட ஏற்புரை. பொறவு சாப்பாடு!" என்றான். சாப்பாடு என்றதும் பாதிக் கூட்டம் கைதட்டியது. முப்பிடாதி படியேறினாள். மைக்கைக் கையில் வாங்கினாள். கீழே ஷாலினி வீடியோவுக்காகப் போனைத் தூக்கிப் பிடித்துவிட்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். பிறகு, இதை ஊருக்குச் சொல்ல வரவில்லை, டீச்சருக்குச் சொல்ல வந்தேன் என்று நினைத்து, நாற்காலிப் பக்கம் திரும்பினாள். "டீச்சர்..."

டீச்சர் தூங்கிக்கொண்டிருந்தார்.

தாடை பொன்னாடைகளுக்குள் புதைந்திருந்தது. கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஜன்னல் வழியே வெயில் நேராக இமைகளின் மேல் விழுந்து, இமைகள் தூக்கத்திலேயே துடித்துக்கொண்டிருந்தன. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பின்னால் பரவியது. பேச்சிராஜாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "தட்டி எழுப்புட்டி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "இல்லன்னா நீ மைக்ல சத்தமா பேசு, தானா முழிச்சிருவாவ." டென்சிலும் எழுந்து, "பெரியம்மா" என்று மேடையை நோக்கி வந்தார்.

முப்பிடாதி கையை நீட்டி அவரை நிறுத்தினாள். அந்த வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் நாக்கு நுனியில் நின்றன. ஒரு வார்த்தையைச் சத்தமாகச் சொன்னால் போதும், டீச்சர் விழித்துக்கொள்வார், கேட்பார். ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்பது அந்த முகத்திலேயே தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் சாப்பாடு, வண்டி, செவ்வாய்க்கிழமை ரயில். இவ்வளவு வயதானவரை இனி எங்கே போய்ப் பார்க்கப் போகிறாள்? ஆனால் தூக்கம் என்றால் என்னவென்று அந்த ஹாலில் அவளைவிடத் தெரிந்தவர்கள் யாருமில்லை. இது பேச்சுக் கேட்டுச் சலித்து வந்த தூக்கமில்லை. ராத்திரியெல்லாம் முழித்த உடம்பு, ஒரு இடம் கிடைத்ததும் தன்னை அறியாமல் போய் விழுகிற தூக்கம். இதிலிருந்து எழுப்பினால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். எங்கே இருக்கிறோம் என்று புரியாது. எல்லாரும் நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மைக்கை வாயிலிருந்து இறக்கினாள்.

"சத்தங்காட்டாதிய" என்றாள் கூட்டத்தைப் பார்த்து, கிசுகிசுப்பாக. "டீச்சர் தூங்குதாவ."

"அரே, ப்ரோக்ராம் என்னாவது?" என்றான் பேச்சிராஜா.

"பேச்சிராஜா, கை கட்டு. வாய் பொத்து."

யாரோ சிரித்தார்கள். சிரித்தவர்களே சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாவது வரிசையில் எஞ்சினியர் விளையாட்டுக்குத்தான் கையைக் கட்டி வாயைப் பொத்தினார். பொத்திய பிறகு அவர் முகம் மாறியது. பக்கத்தில் இருந்தவர் பொத்தினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். பேச்சிராஜா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு மேடைப் படியிலேயே உட்கார்ந்து கையைக் கட்டினான்.

தாஹிர் மைக்செட்டை அணைத்தான். அதுவரை ஊம் என்று இரைந்துகொண்டிருந்த ஸ்பீக்கர் அடங்கியதும், ஹாலில் ஃபேன்கள் சுற்றுவது கேட்டது. அவன் எழுந்து ஜன்னலைப் பார்த்தான், டீச்சரின் முகத்தைப் பார்த்தான். யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. மேடைக்குப் பின்னால் போய், பேனரின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு ஸ்டூலை இழுத்து ஏறி, தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் கட்டினான். இந்த முறையும் முகம் வெளியே பார்க்கத்தான் கட்டினான். வெயில் பின்னாலிருந்து அடித்ததில் பேனர் முழுக்க மஞ்சளாக ஒளிர்ந்தது. இடம் வலமாக மாறிய எழுத்துகளுக்கு மேலே டீச்சரின் பெரிய முகம் சிரித்தது. அதன் நிழல், தூங்குகிற சின்ன முகத்தின் மேல் வந்து படிந்தது.

முப்பிடாதி பொன்னாடைகளை ஒவ்வொன்றாக உரித்தெடுத்தாள். ஆவி பறக்கிற தட்டிலிருந்து துணியை உரிப்பது போல, மெதுவாக, ஒன்றும் ஒட்டிக்கொண்டு வராமல். ஒன்றை மடித்துக் கழுத்துக்குப் பின்னால் வைத்தாள். நழுவிக்கொண்டிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அப்போது டீச்சர் கண்ணைத் திறந்தார். திறந்த கண் நேராக ஜன்னலுக்குப் போயிற்று. மஞ்சளாக ஒளிர்ந்த அந்த ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் நிற்கிறவளின் கையைத் தடவிப் பார்த்து, விரல் நுனிகளை ஒருமுறை திருப்பிப் பார்த்து, "ம்" என்றார். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஷாலினி போனை இறக்கி மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். அவள் எப்போது வாயைப் பொத்தினாள் என்று முப்பிடாதி பார்க்கவில்லை. சாம்பார் வாசனை ஹாலுக்குள் வந்து சுற்றிக்கொண்டிருந்தது, யாரும் அசையவில்லை. நரைத்த தலைகளும் வழுக்கைகளும் சாயம் போட்ட தலைகளுமாக, கை கட்டி, வாய் பொத்தி, வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் டென்சிலின் வண்டி வந்து நின்று ஒரு ஹார்ன் கொடுத்தது. இரண்டாவது ஹார்ன் அடிப்பதற்குள் முன்வரிசையிலிருந்து பேங்க் மேனேஜர் பிரேமலதா எழுந்தாள். ஹீல்ஸ் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, ஓசைப்படாமல் வெளியே ஓடினாள்.